முன் சீட்டும் எழுபது வளைவுகளும்

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். செல்வி, ரம்யா... நீங்கள் இருவர் மட்டும் படித்துவிட்டு அழித்துவிடுங்கள். திங்கட்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பில் திறந்தால், மிஸ் பின்னால் நிற்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தாவின் டிராவல்ஸ் அறையில், விளக்கைப் போடாமல் டைப் செய்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

எலுமிச்சம்பழத் தோலும் டீசலும் கலந்த ஒரு வாசனை... அதை நினைத்தாலே நான் மறுபடியும் நான்காம் வகுப்புப் பிள்ளையாகிவிடுகிறேன்.

அப்போது அத்தா வேனில் டூர் கூட்டிப் போவார். திருச்சி ஜங்ஷனில் ஆட்களை ஏற்றி, மலைக்கோட்டையைக் காட்டி, துறையூரில் டீயும் உளுந்து வடையும் வாங்கிக் கொடுத்து, புளியஞ்சோலை ஓடையில் குளிக்கவிட்டு, நாமக்கல் சுற்றிக்கொண்டு கொல்லிமலை ஏற்றுவார். மறுநாள் சேலத்தில் தட்டுவடை செட் தின்றால் டூர் முடிந்தது. வண்டி ஓட்டுவதும் அவர்தான், ஊருக்கு ஊர் கதை சொல்வதும் அவர்தான்.

லீவு நாட்களில் முன் சீட்டு எனக்கு. மடியில் எலுமிச்சம்பழப் பை. காலடியில், வாந்தி எடுப்பவர்களுக்காக ஒரு வாளி.

காரவள்ளி அடிவாரம் தாண்டியதும் என் வேலை தொடங்கும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பலகையில் எண் இருக்கும். அதை நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் "பதினேழு!" என்று கத்தினால், பின்னால் வேனே சேர்ந்து கத்தும்.

ஒருமுறை கரூர்க்காரர் ஒருவர், "ஏனுங்க டிரைவர், நாம மலைக்குப் போறமா, மஞ்ச ஏலத்துக்குப் போறமா? புள்ள இந்தக் கூவு கூவுது!" என்றார்.

"அவ கூவலீன்னா நம்ம வண்டி ஏறாதுங்க" என்றார் அத்தா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அன்று மதியம் வழக்கம்போலச் செம்மேடு தாண்டி, திருப்புலி நாடு என்கிற மலையூரில் பொன்னி அக்கா வீட்டில் சாப்பாடு. டூர்க்காரர்களுக்கு எப்போதும் அவர்தான் சமைப்பார். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, வேகவைத்த குச்சிக்கிழங்கு, அவர்கள் தோட்டத்து மிளகில் வைத்த ரசம். அந்த ரசத்தின் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரும்.

"ஊட்டுக்கு வந்துபோட்டு அளவாத் தின்னா எப்படி சாமி? இன்னொரு கிழங்கு தின்னு" என்று என் தட்டில் வைத்துக்கொண்டே இருப்பார்.

அத்தாவின் கை பட்டு ரச டம்ளர் கவிழ்ந்தது. எதிரிலேயே இருந்த டம்ளர்.

"ஏனுங்ணா, எதுக்கால வெச்சது தெரியலீங்களா? மலைக்காத்து தலைக்கேறிப்போச்சாட்ட!" என்றார் பொன்னி அக்கா.

அத்தா சிரித்தார். ஆனால் உருண்டு போன டம்ளரை அவர் கை தரையில் தடவித் தடவித் தேடியதை நான் பார்த்தேன்.

சாயங்காலம் இறங்கும்போது ஒரே பனி. பின்னால் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நானும் தூங்கிவிட்டேன்.

திடீரென்று பிரேக். என் நெற்றி முன்னால் போய் இடித்தது. ஜன்னலுக்கு வெளியே ரோடு இல்லை. ஓரத்துச் சுவரும், அதற்குக் கீழே வெறும் பனியும்தான்.

"என்னாச்சுங்க?" என்று கரூர்க்காரர் எழுந்தார்.

"மாடு குறுக்க வந்துருச்சுங்க."

மாடு எதுவும் வரவில்லை.

அத்தா என் பக்கம் குனிந்தார். "பாப்பா, தூங்காத. நம்பரச் சொல்லு. எந்த வளைவுன்னு தெரிஞ்சாப் போதும், கை தன்னாலத் திருப்பிரும்."

"பலகை தெரியலீங்களா அத்தா?"

"இந்தப் பனியில யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரிந்தது. "முப்பத்தொண்ணு" என்றேன். அங்கிருந்து ஒன்று வரைக்கும், தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "அம்மாகிட்டச் சொல்லாத பாப்பா. இந்த வண்டிதான் நமக்குச் சோறு" என்றார்.

நான் சொல்லவில்லை.

ஏழாவது வரை முன் சீட்டில் உட்கார்ந்தேன். பிறகு, "வயசுக்கு வந்த புள்ள ஊரு ஊராக் கூவிக்கிட்டுப் போறதா?" என்று அம்மா நிறுத்திவிட்டார். அதோடு அத்தாவும் மலை டூரை விட்டுவிட்டார். டீசலுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். பகலில், கீழே, கல்யாண வாடகை மட்டும்தான்.

இப்போது வருகிற சனிக்கிழமை, நம் பள்ளி டூருக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்.

"உங்க அத்தா வண்டிதான்டி!" என்று நீங்கள் குதித்தபோது நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். "பகல்லயே எறக்கிருவேன்" என்கிறார். அருவியில் குளித்து, செம்மேட்டில் டீ குடித்துக் கிளம்பினால் இருட்டிவிடும் என்பது எனக்குத் தெரியும். என்னை அனுப்ப முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

செல்வி, நீ முன் சீட்டில் உட்கார், தூங்காமல் எண்களைச் சொல் என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன்.

அப்போதெல்லாம் அது ஒரு விளையாட்டு. எழுபது வந்ததும் வேனே கைதட்டும். அந்தக் கைதட்டலை எவ்வளவு ஆசையாகக் கேட்டிருக்கிறேன்... இப்போது படுத்தால் அதே எண்கள்தான் வருகின்றன. ஒன்று விட்டுப்போனாலும் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறேன்.

நேற்று, நல்ல வெயிலில், எங்கள் வாசலில் நின்ற சைக்கிளின் மேல் அத்தா போய் மோதினார்.

பனி இல்லை. இருட்டும் இல்லை.

எண்களைச் சொன்னால் போதாது செல்வி. நீங்கள் இருவரும் ஏறாவிட்டாலும் மற்றவர்கள் ஏறுவார்களே. மேலே யாருக்கும் காட்டாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா... அதை விட்டுவிடு. இதை ஹெச்.எம். மிஸ்ஸிடம் காட்டு. சனிக்கிழமைக்கு முன்னால் காட்டு. எங்கள் அத்தா கெட்டவர் இல்லை என்று மட்டும் அவர்களிடம்

வெளியே சுவரைக் கையால் தடவிக்கொண்டே யாரோ வருகிற சத்தம். கதவைத் தட்டுகிறார். அனுப்பிவிடுகிறேன்