சோதனையில் இருக்கும் குமிழிகள்

ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தேன். அதனால் ஷமீம் அக்காவின் சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. ஆம், நான்தான்!

செங்கம் சாலையில் வெளிநாட்டவர் தங்கும் விடுதியில் வேலை எனக்கு. ஆங்கிலம் தெரியும் என்ற கர்வமும் உண்டு. ஷமீம் அக்கா அடுத்த வீட்டுத் தையல்காரர். தொண்டையில் புற்றுநோய் என்றதும் ரிப்போர்ட்டை என்னிடம்தான் கொண்டுவந்தார். கரண்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

அவர் பயத்தைப் போக்க, கைப்பேசியில் படித்த ஆராய்ச்சி ஒன்றைச் சொன்னேன். கட்டிக்குள் பிராணவாயு குறைவாக இருந்தால் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாதாம். அதனால் அந்த வாயுவை நுண்குமிழிகளில் அடைத்து, ரத்தத்தில் செலுத்தி, கட்டிக்குள் போனதும் ஒலி அலையால் உடைக்கிறார்களாம்.

“சோடா மாதிரியா?” என்று சிரித்தார்.

“அப்படித்தான்க்கா. ஆனா இன்னும் சோதனைலதான் இருக்கு.”

“சோதனைதானே? எவ்ளோ ரத்தம் எடுத்துட்டாங்க, இதையும் எடுக்கட்டும். அந்தக் காத்து ஏத்தினப்புறமே கரண்டு வெச்சுக்கறேன்.”

ரத்தப் பரிசோதனை என்று நினைத்துவிட்டார்! எனக்கு அந்தக் கணமே புரிந்தது. அந்தக் குமிழி வைத்தியம் இன்னும் நோயாளிகளுக்கு வந்து சேரவில்லை, ஆராய்ச்சியோடு சரி... ஒரு வாக்கியம் போதும். ஏன் சொல்லவில்லை? சிரித்த முகத்தை வாடவைக்க மனம் வரவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்! “கலா சொன்னா சரியா இருக்கும்” என்று அவர் தெருவெல்லாம் சொன்னது எனக்கு இனித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால், “பௌர்ணமிக் கூட்டம் போகட்டும், தைக்கற துணி ஜாஸ்தி கெடக்கு” என்று தட்டிக்கழித்தார். என்னிடம் மட்டும், “அந்தச் சோதனை வந்துச்சா?” என்பார். “விசாரிக்கிறேன்க்கா” என்பேன். யாரை விசாரித்தேன்? ஒருவரையும் இல்லை.

குரல் அடைத்த பிறகுதான் போனார். துணைக்கு நான். நோய் பரவிவிட்டது, இனிமேல் கரண்டு வைத்தால் வலி குறையும், அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

“இத்தனை நாள் ஏம்மா வரல?”

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, “அல்லா வெச்ச சோதனைங்க” என்றார்.

என்னைக் காப்பாற்றினாரா, அப்படியே நம்பினாரா... தெரியாது. இன்றும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறேன், கேட்டதில்லை. என் பழி ஆண்டவன் மேல் விழுந்தது. அன்று அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அந்தச் சொல்லை அப்போதும் நான் திருத்தவில்லை.