மாமனுக்கு ஆகாத பல்

வெண்கலக் கிண்ணம் நிறைய நல்லெண்ணெய். அதற்குள் என் மருமகளின் முகம். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையைத் தாய்மாமன் முதலில் எண்ணெயில்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். இவள் கொடி சுற்றிப் பிறக்கவில்லை. ஆனால் கீழ்ப்பல் வருவதற்கு முன்னம் மேற்பல் இரண்டு முளைத்துவிட்டன. அது மாமனுக்கு ஆகாது. அதற்கும் இதே பரிகாரம் என்று பிள்ளையைப் பெற்றவள், என் கடைசித் தங்கச்சி, தானாகவே முடிவு செய்துவிட்டாள். நெடுந்தீவில் அவள் வீட்டு விறாந்தையில் குனிந்து பார்த்தேன். எண்ணெய்க்குள் பிள்ளை வாயைத் திறந்து சிரித்தாள். அரிசி போல இரண்டு பல்.

"இந்த ரெண்டு பல்லோ என்னைத் தின்னப்போகுது?" என்றேன்.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. வடிவாப் பாருங்கோ."

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரத்தினபுரியில் ஒரு கடையில் மூட்டை சுமந்து, அதே தெருவில் சொந்தக் கடை போட்டவன். கலவரத்தில் அதை எரித்தார்கள். போய் அதே இடத்தில் திரும்பவும் கட்டினேன். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. பல்லுக்கா பயப்படுவேன்? ஆனால் அந்த வருடமே கடைப்படியில் சறுக்கிக் கால் முறிந்தது. பிறகொரு மழைக்கு ஆறு பெருகிக் கடைக்குள் வந்தது. பிறகு சலரோகம், அதுதான் சீனி வருத்தம், வந்தது. என் வயதில் யாருக்குத்தான் வராது? தங்கச்சியோ ஒவ்வொன்றையும் பிள்ளையின் மேற்பல்லோடு சேர்த்துச் சொன்னாள், பிள்ளைக்கு முன்னாலேயே சொன்னாள். நான் கடையை விற்றுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தபோது, மருமகள் கையால் வாயை மூடிக்கொண்டு கதைக்கிறவளாக வளர்ந்திருந்தாள்.

வாயைத் திறந்தால்தான் தெரியும். மேலே முன்பல்லில் ஒன்று விழாத பாற்பல். பக்கத்துப் பல் பெரியதாக நிற்க, அது மட்டும் குழந்தைப் பல்லாகவே நின்றுவிட்டது. "அது கிடக்கட்டும், தொடாதேங்கோ" என்றாள் தங்கச்சி. நான் கேட்கவில்லை. வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். பல் டொக்டர் இளம் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"ஐயா, பல் இல்லாமல் இல்லை. முழுசா வளர்ந்து உள்ளுக்குப் படுத்துக் கிடக்குது. இந்தா, இந்தக் குட்டிப் பல்லு கூடுதலா முளைச்சது. இதுதான் வழியை மறிச்சுக்கொண்டு நிக்குது."

"அப்ப பாற்பல்லு ஏன் விழேல்லை?"

"தள்ளிவிட ஆள் வராட்டி அது ஏன் விழப்போகுது?"

பாற்பல்லையும் மறித்து நிற்பதையும் எடுத்துவிட்டு, பல்லை மூடியிருக்கும் முரசுச் சதையைக் கீறித் திறந்து, படுத்துக் கிடக்கும் பல்லில் மெல்லிய சங்கிலி ஒட்ட வேண்டும். மற்றப் பற்களில் கம்பி கட்டி, மாதாமாதம் வந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பல் செத்துப்போகும் என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வியாபாரமும் அப்படித்தான். "செய்யுங்கோ" என்றேன்.

"ஏலாது" என்றாள் மருமகள். அவ்வளவுதான். கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையை விட்டு இறங்கிவிட்டாள்.

திரும்பி வரும்போது கடல் அடித்தது. தண்ணீர் தெறிக்கிறதென்று வள்ளத்தின் கீழ்த்தட்டில் எல்லாரையும் இருத்திப் மேலே படங்குச் சீலையை இழுத்துவிட்டார்கள். எண்ணெய்ப் புகையும் இருட்டும். அதற்குள் வைத்துத்தான் காரணத்தைச் சொன்னாள்.

"மேற்பல்லெல்லோ மாமா. அதைக் கிண்டினாப் பிறகு உங்களுக்கு ஏதும் நடந்தா, என்ர பல்லைத்தானே சொல்லுவினம்."

"எனக்கென்ன நடக்கும்? நான் சாகமாட்டன்."

"எல்லாரும் சாகிறவைதானே?"

"அப்ப உன்ர பல்லு இறங்கி முடியுமட்டும் சாகமாட்டன். வருத்தமெண்டு படுக்கவும் மாட்டன். காணுமோ?"

"சத்தியமா?"

"சத்தியமா."

இருட்டுக்குள் சிரித்தாள் போலிருந்தது. என் வாழ்நாளில் செய்த எந்தப் பேரத்திலும் நான் இப்படி அகப்பட்டதில்லை.

சங்கிலி ஒட்டியாயிற்று. மாதாமாதம் போகிறோம். காற்றுக் காலத்தில் வள்ளம் ஓடாது. அப்போது இறங்குதுறையில் நின்று கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம். பல்லும் இருந்த இடத்திலேயே நிற்கும். போன முறை துறைப்படியில் ஏறும்போது என் நெஞ்சைப் பிடித்து யாரோ பிழிவது போலிருந்தது. அவளைப் பல் டொக்டரிடம் இருத்திவிட்டு, தேத்தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி, நெஞ்சு டொக்டரிடம் போனேன். இரத்தக் குழாய் ஒன்று மறிபட்டு நிற்பதாகச் சொன்னார். ஆசுபத்திரி வாட்டில் படுக்கச் சொன்னார். எனக்குள்ளும் ஏதோ ஒன்று வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. பல் இறங்கட்டும், வருகிறேன் என்றேன். பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். படித்த மனிதர், அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவர் தந்த குளிசையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் இருமவும் பயம். கதிரையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தங்கச்சி என்னைப் பார்ப்பாள். பிறகு பிள்ளையைப் பார்ப்பாள்.

இன்று காலையும் மருமகள் குசினி வாசலில் வந்து நின்று என் முகத்தை வடிவாகப் பார்த்தாள். அன்றைக்கு எண்ணெய்க்குள் நான் பார்த்த அதே கண்கள்.

"மாமா, முகம் வாடிக் கிடக்கு."

"வெயிலடி. நீ பல்லைக் காட்டு பாப்பம்."

கையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தாள். பல் வெளியே வந்துவிட்டது. மற்றதோடு சரிக்குச் சரி நிற்க இன்னும் ஓர் அரிசியளவுதான் பாக்கி. நெஞ்சுக்குப் போன கையைப் பாதியில் நிறுத்தி, சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்றேன்.