பிஸ்கட் டின்னில் ஒரு வால்வு

அந்த வால்வைத் திரும்பவும் காரில் பூட்டச் சொன்னது சரியா, பிழையா? ஆறு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் எனக்குப் பதில் தெரியாது.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் என் மூத்த மகள் பிறந்தாள். அப்போது என் கணவர் ஒரு பழைய சாம்பல் நிறக் காரை வைத்துக் கல்முனையில் வாடகைக்கு, ஹயர், ஓடிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் பெற்றோல் மணமும், சந்தைக்கு வந்து போகிறவர்களின் கருவாட்டு மணமும் சேர்ந்து வரும். இப்போதும் எங்காவது அந்த மணம் பட்டால் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

வாகனம் திருத்தும் பாஸ் ஒருவர் பாண்டிருப்பில் இருந்தார். எங்கள் பக்கத்து ஹயர் கார்கள் எல்லாம் அவரிடம்தான் போகும். கார் கைக்கு வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சிறிய பித்தளை வால்வைக் கழற்றி எடுப்பது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த வால்வு மூடிக்கொண்டு தண்ணீரை உள்ளேயே சுற்ற விடும். சூடேறினால் திறந்து ரேடியேட்டருக்கு ஆற அனுப்பும். பனி விழுகிற நாட்டுக்காரனுக்குச் செய்த சாமான், எங்கள் வெயிலுக்கு எதற்கு என்பது பாஸின் கணக்கு. எங்கள் காரிலும் கழற்றி, வால்வை என் கணவர் கையில் கொடுத்தார். அதன்பிறகு சூட்டைக் காட்டும் ஊசி கால்வாசிக்கு மேல் எழும்பியதே இல்லை. என் கணவருக்கு அது பெரிய நிம்மதி. ஹயருக்கு ஏறுகிறவர்கள்கூட அந்த ஊசியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாய்ந்து உட்காருவார்கள்.

மகள் பிறந்து நான் நாற்பது நாள் அறைக்குள் இருந்தேன். உம்மா ஜன்னலைப் பூட்டி, என் காதை மூடித் துணி கட்டி, மூன்று வேளையும் காயச் சரக்கு அரைத்துக் கறி வைத்தா. பிள்ளை பெற்ற உடம்பு குளிரக் கூடாது என்பது அவவின் சட்டம். பச்சைத் தண்ணீரில் விரல் நனைக்கவும் விடவில்லை.

அப்படி வெந்துகொண்டிருந்த ஒரு நாள், என் கணவர் எஞ்சின் எண்ணெய் மூடியைக் கொண்டுவந்து வாசற்படியில் நின்று காட்டினார். உட்பக்கம் முழுவதும் மோர் கடைந்ததுபோல வெள்ளை நுரை. காலையில் கார் இழுப்பதில்லை, பெற்றோலும் கூடக் குடிக்கிறது, வெள்ளிக்கு வெள்ளி பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டியிருக்கிறது என்றார். காருக்குள் கிடந்த ஆங்கிலப் புத்தகத்தையும் என் மடியில் வைத்தார். நான் உயர்தரம் வரை படித்தவள். படிப்புக்கு அப்போது வந்த ஒரே வேலை அதுதான்.

மகள் தூங்கும்போதெல்லாம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். சூடுதான் எஞ்சினுக்குப் பகை என்று நானும் நினைத்திருந்தேன். புத்தகம் வேறு மாதிரிச் சொன்னது. எஞ்சின் தன் அளவான சூட்டுக்கு வராவிட்டால் பெற்றோல் சரியாக எரியாது. எரியாத பெற்றோல் உள்சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். நீராவி எண்ணெயில் கலந்து நுரையாகும். இரும்பு இரும்போடு உரசித் தேயும். சூடு மிஞ்சினால் எண்ணெய் இளகும், இரும்பு நெளியும். தண்ணீர் கொதிப்பதற்குச் சற்றுக் கீழே ஒரு சூடு இருக்கிறது. எஞ்சின் அங்கேதான் நிற்க வேண்டும், நிறுத்துவது அந்த வால்வுதான் என்றிருந்தது.

சொன்னேன். என் கணவர் சிரித்தார். பாஸிடம் போய்ச் சொல்ல, அவர், “தங்கச்சி படிச்சது லண்டன் புத்தகம். லண்டனில ஓடட்டும்” என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறைக்குள் இருந்தபடியே கேட்டேன்.

“எனக்குக் குளிர் ஆகாதெண்டு நாப்பது நாளா ஜன்னலப் பூட்டி வெச்சிரிக்கீங்க. எஞ்சினுக்கு மட்டும் குளிர் நல்லமா மச்சான்?”

அடுப்படியில் உம்மா சிரித்தது கேட்டது.

நாற்பது முடிந்த மறுநாள், வால்வைச் சோதிக்கும் விதத்தைப் புத்தகத்தில் பார்த்து, ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து அதை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். சூட்டை அளக்க வீட்டில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் கோல்தான் இருந்தது. அதைச் சுடுநீரில் விட்டால் வெடித்துவிடும். எனவே கண்ணால்தான் அளந்தேன். தண்ணீர் கொதி வருமுன், அவியும் மட்டிச் சிப்பி வாய் விடுவதுபோல வால்வு மெல்லத் திறந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் தந்த சமையல் வேறில்லை. மகள் அழுதாள். ஓடினேன். ஆறியதும் சரியாக மூடுகிறதா, மறுமுறையும் திறக்கிறதா என்று பார்க்கவில்லை.

என் கணவர் வால்வைக் கொண்டுபோய்க் கொடுக்க, பாஸ் முணுமுணுத்துக்கொண்டே பூட்டினார். கார் மாறியது. கொஞ்ச நேரத்திலேயே ஊசி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்கும். நுரை போனது. பின்னேரங்களில் ஒலுவில் கடற்கரைக்குப் போவோம். மகள் என் மடியில், கண்ணாடி இறக்கிய ஜன்னல், இரண்டு பக்கமும் வயல், நடுவில் நிற்கும் ஊசி. நான்தான் அதை அங்கே நிறுத்தினேன் என்று எனக்குள் ஒரு பெருமை. அந்த ஏழெட்டு மாதம் திரும்பி வந்தால் நல்லது என்று இப்போதும் ஆசைப்படுகிறேன்.

மகளுக்கு ஒரு வயது ஆகுமுன், ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல் நூற்று நான்குக்கு ஏறி வலிப்பு வந்தது. டாக்டர் உடனே மட்டக்களப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஜும்மா தொழுகை நேரம், வீதியில் வேறு வாகனம் இல்லை. மருதமுனை தாண்டும்போதே ஊசி நடுவை விட்டு நகர்ந்ததைக் கண்டேன். ஆனால் வாய் திறக்கவில்லை. வால்வு என்னுடைய யோசனை அல்லவா. பெரிய நீலாவணையும் போன பிறகுதான், “மச்சான், ஊசி மேல போகுது” என்றேன்.

“பாத்துட்டன்” என்றார்.

கல்லாறு ஊருக்குள் கார் இழுக்காமல் நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் முன்பே ஆவி சீறியது. முன்வீட்டுப் பெண் ஒருவர் கேட்காமலே கிணற்றில் அள்ளி வாளியோடு ஓடிவந்தார். என் கணவர் வாளியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும், ஆற விட வேண்டும் என்று அதே புத்தகத்தில் படித்து நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். ஆற அரைமணியாவது வேண்டும். மகளின் கண் மேலே செருகியிருந்தது.

“என்ன புள்ள செய்ய?”

“ஊத்துங்க.”

ஊற்றினார். உள்ளே ஏதோ டக்கென்று முறிந்த சத்தம் கேட்டது. ஆனாலும் கார் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, நின்று நின்று, ஆஸ்பத்திரி வாசல்வரை போனது. அதற்குப் பிறகு அந்த எஞ்சின் இயங்கவே இல்லை.

மகள் மூன்றாம் நாள் சிரித்தாள்.

ஊற்றச் சொன்னதை நான் ஒருநாளும் நொந்ததில்லை. எஞ்சின் சூடேறியது எதனால் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பாஸ் பிரித்துப் பார்த்தபோது வால்வு மூடியபடி இறுகியிருந்தது. அதை என் கையில் வைத்தார். ரேடியேட்டரையும் காட்டினார். நாங்கள் ஊற்றிவந்த சவர்த் தண்ணீரின் உப்புப் படிந்து அதன் குழாய்களில் பாதி அடைபட்டிருந்தன. எது முதலில் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் வால்வைத் திரும்பவும் சட்டியில் போட்டேன். முதல் முறை திறந்தது. இரண்டாம் முறை திறக்கவில்லை. மூன்றாம் முறை பாதி திறந்தது.

என் கணவர் என்னை ஏசவில்லை. “விடு புள்ள, மகள் இரிக்காள்தானே” என்றார். பிறகு ஆறு வருடம் அடுத்தவர்களின் லொறி ஓட்டினார்.

இப்போது ஒரு பழைய வான் வாங்கப் பேசி முடித்திருக்கிறார். அடுத்த கிழமை அதே பாஸிடம்தான் போகும். வால்வைக் கழற்றவா, விடவா என்று இவர் என்னிடமே கேட்கிறார். அந்தப் பழைய வால்வு அலுமாரிக்குள் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடி வைக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் எங்கள் கரைப்பக்கத்தில் வாகனம் ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் எஞ்சினில் வால்வு இருக்கிறதா? இருந்தால் எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? சவர்த் தண்ணீருக்குப் பதில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் போதுமா? பிள்ளைகளை ஏற்றிப் போகிற வாகனம். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள், அடுத்த கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது.