கிண்ணத்தில் மிஞ்சிய கோழி மருந்து

கோழியின் அலகை விரலால் திறக்கக் கற்றுக்கொண்டபோது எனக்கு இருபத்தாறு வயது. அதுவரை நான் கோழியைத் தொட்டதில்லை. மதுரையில் எங்களுடையது நெசவாளர் வீடு. வீட்டுக்குள் பேசும் மொழி வேறு. சமையலறைக்குள் முட்டைகூட வந்ததில்லை. சமூகப்பணியில் முதுகலை முடித்த பிறகு ஒரு சிறிய அமைப்பு என்னை எழுமலையிலிருந்து மினி பஸ் போகும் ஓர் ஊருக்கு அனுப்பியது. பெண்கள் குழுக்களோடு வேலை. அங்கே கீழத்தெருவில் ஒரு வரிசை வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன்.

அந்த ஊரில் பெரும்பாலோர் ஒரு தலைமுறைக்கு முன்வரை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இன்றும் நிலம் சிலருக்கே உண்டு. ஆனால் கோழி எல்லா வீட்டிலும் உண்டு. கோழி முழுக்க முழுக்கப் பெண்களின் உடைமை. அதை விற்பதற்கும் அறுப்பதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொண்ட நாளில், கோழியைக் காப்பது இந்தப் பெண்களின் சுதந்திரத்தைக் காப்பது என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வரியில் இன்றும் எனக்கு ஐயமில்லை. அதைச் செய்ய எனக்குத் தகுதி வந்துவிட்டது என்று நம்பியதில்தான் பிழை.

ஒரு பயிற்சியில் எங்களுக்குச் சமையலறைப் பொருள்களால் கோழிகளைப் பேணும் முறையைச் சொல்லித் தந்தார்கள். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, வேலியோரத்தில் கிடைக்கும் கீழாநெல்லி. எல்லாவற்றையும் இடித்து விழுதாக்கி, கம்பு மாவில் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் உருட்டிக் கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில்லாத ஊரில், எந்த வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கும் பொருள்கள் இவை. எனக்கு அந்த எளிமையே போதுமான சான்றாக இருந்தது.

முதலில் மருந்து கொடுத்தது அடுத்த வீட்டு அக்காவின் குஞ்சுகளுக்கு. அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகளைச் சோழவந்தான் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். குஞ்சுகளுக்குக் கண்ணோரத்திலும் அலகடியிலும் அம்மைக் கொப்புளம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினோம். இரண்டு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து, குஞ்சுகள் குப்பையைக் கிளறத் தொடங்கின. அம்மை பல சமயம் தானாகவே ஆறிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. தெருக்குழாயடியில் என்னைக் கண்டால் யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள்.

"ஏய், கோழி டாக்டரம்மா வந்துருச்சு. சீட்டு வாங்கிட்டு வரிசையில நில்லுங்கடி."

"எங்க வீட்டுச் சேவலுக்குக் கொழுப்பு கூடிப்போச்சு டாக்டரம்மா. அதுக்கு ஒரு உருண்டை இருக்கா?"

"ஒன் வீட்டுக்காரருக்கும் சேத்துக் கேளு."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தக் கேலிக்கு அடியில் நம்பிக்கை இருந்தது. நான் சொன்னதை அவர்கள் செய்தார்கள். படித்த பிள்ளை சொல்கிறது என்பதற்காகவே செய்தார்கள்.

அக்காவின் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பேறுகாலம் தாய் வீட்டில். பிள்ளை பெற்ற உடம்புக்கு நாட்டுக்கோழி அடித்து, மிளகும் பூண்டும் போட்டுச் சாறு வைத்துக் கொடுப்பது தாயின் கடமை. சம்பந்தி வீட்டார் வசதியானவர்கள். நகையிலும் சீரிலும் அவர்களுக்குச் சமமாக அக்காவால் நிற்க முடியவில்லை. ஆகவே அவர் தம் மானம் முழுவதையும் கோழிகளில் வைத்திருந்தார். முட்டையிடும் பருவத்தை நெருங்கிய பன்னிரண்டு விடைக்கோழிகள், ஒரு சேவல். ஒன்றைக்கூட விற்கவில்லை, பண்டிகைக்கும் அறுக்கவில்லை. "கடையில வாங்குன கோழின்னு ஒரு சொல்லு வந்துறக் கூடாது. என் கையால வளத்தது, என் மக வகுத்துக்குப் போகணும்" என்பார்.

மாசியில் ஒரு விசேஷத்துக்காக இந்தப் பக்கம் வந்த சம்பந்தியம்மாள் அக்காவின் கொல்லையை எட்டிப் பார்த்தார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"ஆத்தாடி, இம்புட்டுக் கோழியா! ஊருக்கே விருந்து வைக்கலாம் போலிருக்கே மதினி."

"ஊருக்கு எதுக்கு? எல்லாம் உங்க மருமகளுக்குத்தான்."

"எல்லாத்தையும் அவளுக்கே போட்டா, குழந்தை கொக்கரக்கோன்னுல்ல அழும்."

இரண்டு பெண்களும் மனம்விட்டுச் சிரித்தார்கள். அதில் பொறாமை எதையும் நான் காணவில்லை. இதை நான் பின்னால் பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதே மாதம் பக்கத்து ஊரில் கோழிகளுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் வந்தது. அன்று அக்காவுக்கு நூறு நாள் வேலை. விடியலில், கோழி அடைக்கும் பஞ்சாரத்தைத் திறக்கும் முன்பே கோழிகளைப் பிடித்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். "போகவா, வேணாமா?" என்று என்னிடம் கேட்டார். நமக்கு மாதாமாதம் மருந்து கொடுக்கும் பழக்கம் இருக்கிறதே, அடுத்த முகாமுக்குப் போய்க்கொள்ளலாம் என்றேன். அவர் ஒருநாள் கூலியை இழக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். என்னளவில் அது அக்கறை.

பங்குனி வெயிலோடு கோழிச்சீக்கு வந்தது. முதலில் மேலத்தெருவில். கோழிகள் இறக்கையைத் தொங்கவிட்டுக் கண்மூடி நின்றன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். நிறைய இடித்துக் கலந்து, ஓர் எவர்சில்வர் கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு போனேன். நோயுற்ற கோழி தானாகத் தின்னாது. ஆகவே வீடு வீடாக உட்கார்ந்து, கோழியைக் கக்கத்தில் இடுக்கி, அலகைத் திறந்து, உருண்டையை உள்ளே தள்ளினேன். சளியும் எச்சிலும் விரலில் வழியும். முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த உருண்டையை எடுப்பேன்.

மதியம் திரும்பியபோது கிண்ணத்தில் பத்துப் பதினைந்து உருண்டைகளுக்கான விழுது மிஞ்சியிருந்தது. நான் வளர்ந்த வீட்டில் அறுந்த நூலின் துணுக்கைக்கூடக் கீழே போட மாட்டார்கள். தறியடியில் கூட்டி அள்ளி ஏதாவது ஒன்றுக்கு ஆக்குவார்கள். அந்த விழுதை எறிய எனக்குக் கை வரவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு அதே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் கொல்லைக்குப் போனேன்.

"அக்கா, மேலத்தெருவுல சீக்கு வந்துருக்கு. முன்கூட்டியே நம்ம கோழிக்கும் கொடுத்துருவோம்."

"கொடு தாயி, கொடு. நீ இருக்கைல எனக்கென்ன கவலை."

அவர் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுத்தார். நான் ஊட்டினேன். பதின்மூன்றுக்கும் சரியாக வந்தது. எதுவும் வீணாகவில்லை என்று எனக்கு நிறைவாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு கோழி கழுத்தைப் பின்னுக்கு முறுக்கிக்கொண்டு சுற்றியது. அடுத்த நாள் மூன்று. நாங்கள் வேளைக்கு வேளை இடித்தோம், உருட்டினோம், ஊட்டினோம். ஒரு வாரம் முடிவதற்குள் கொல்லை ஓய்ந்துவிட்டது. கடைசியாகச் சேவல் சாயும்போது அக்கா அழவில்லை. அதன் கொண்டையைத் தடவிக்கொண்டே, "நீயாச்சும் நின்னிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார்.

நான் ஒரு கோழியை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் கட்டி எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் என் வயதை ஒத்த பெண். அறுத்துப் பார்த்துவிட்டு வெள்ளைக்கழிச்சல் என்றார். தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். என்ன கொடுத்தீர்கள் என்றார், சொன்னேன். எப்படிக் கொடுத்தீர்கள் என்றார், அதையும் சொன்னேன். கிண்ணத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அதே கிண்ணமா?"

"ஆமா."

"மஞ்சள் மேல தப்பில்ல மேடம். நல்லா இருக்கற கோழிக்குக் கொடுங்க, தீனி எடுக்கும். ஆனா இந்தச் சீக்கை அது தடுக்கவும் தடுக்காது, வந்த பிறகு நிறுத்தவும் நிறுத்தாது. சீக்குக் கோழியோட எச்சில் பட்ட கையும் பாத்திரமும் போதும். நீங்க வீடு வீடா கொண்டுபோய்க் கொடுத்தது மருந்து மட்டும் இல்ல."

அவர் அதைக் கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் எனக்குத் தாங்குவது எளிதாக இருந்திருக்கும். கொல்லையில் சுண்ணாம்புத் தூள் தூவச் சொன்னார். செத்தவற்றை ஆழப் புதைக்கச் சொன்னார். சில மாதங்களுக்குப் புதுக்கோழி விட வேண்டாம் என்றார்.

ஊருக்குத் திரும்பியபோது அக்கா வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். எதிர்முனையில் சம்பந்தியம்மாள்.

"உங்க கண்ணு கொள்ளிக்கண்ணு மதினி. வந்து நின்னு 'இம்புட்டுக் கோழியா'ன்னு கேட்டீகள்ல? ஒண்ணு மிச்சமில்லாமப் போயிருச்சு. இப்பக் குளுந்துச்சா?"

அந்தப் பக்கத்துப் பதில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அதன் சாரம் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. என் பேரப்பிள்ளை என் வீட்டிலேயே பிறக்கட்டும், நான்தான் கண்ணுக்காரி ஆயிற்றே, என் வீட்டிலிருந்து பெண்ணை அனுப்ப மாட்டேன், உங்கள் கோழிச்சாறு எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் அந்த அம்மாள். குறித்த நாளில் மகளை அழைத்துவரப் போக முடியாது. மகள் தாய்க்கு ஒளித்துப் போன் பண்ணி அழுதாள் என்றும் கேள்விப்பட்டேன்.

இரண்டு நாள் நான் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் என் மனம் செய்த வேலையை இங்கே மறைப்பது முறையாகாது. உண்மையைச் சொன்னால் மேலத்தெருப் பெண்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், குழு கலையலாம், இனி எந்தப் பெண்ணும் அமைப்பின் சொல்லை நம்பமாட்டாள், ஊரில் நடக்க வேண்டிய எத்தனையோ நல்ல காரியங்கள் இந்த ஒரு கிண்ணத்தால் நின்றுபோகும். இவையெல்லாம் பொய்யான வாதங்கள் அல்ல. ஆனால் இவற்றின் எதிர்த்தட்டில் குற்றமே செய்யாத ஒருத்திமேல் விழுந்த பழியும், நிறைமாதத்தை நெருங்கும் ஒரு பெண் தாய் வீடு வர முடியாத நிலையும் இருந்தன. என் மௌனத்தின் விலையை அந்த இரண்டு பெண்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை அக்கா வெறும் கொல்லையில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். முகாமுக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதிலிருந்து தொடங்கி, மருத்துவர் சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தூவுவதை நிறுத்தவில்லை.

"மேலத்தெருவுக்குப் போயிட்டு வந்த கிண்ணமா?"

"ஆமாக்கா."

"கழுவலையா?"

"கையைக் கழுவுனேன். கிண்ணத்துல மருந்து மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு..."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"ஒரு கை மருந்தை மண்ணுல போட மனசு வரல உனக்கு."

சுண்ணாம்புத் தூளைக் கீழே வைத்தார்.

"எம்புட்டுப் பேச்சுப் பேசிட்டேன் அந்த மனுஷிய. வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன்."

வீட்டுக்குள் போய் போனை எடுத்து வந்தார். எண்ணை அழுத்தி என் கையில் திணித்தார். "நீயே சொல்லு. நான் சொன்னா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பாக."

சொன்னேன். சம்பந்தியம்மாள் இடையில் ஒரு சொல்கூடப் பேசாமல் கேட்டார். முடிவில், "நீ சொல்லிட்டம்மா, சரி. என்னைக் கண்ணுக்காரின்னு சொன்னது நீ இல்லையே. சொன்னவக வாயால கேக்கணும்" என்றார். போனை அக்காவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, "மதினி" என்றார். அதற்குமேல் நான் அங்கே நிற்பது சரியல்ல என்று என் அறைக்கு வந்துவிட்டேன்.

அன்று பிற்பகல் குழுவைக் கூட்டி மேலத்தெருப் பெண்களிடமும் சொன்னேன். ஒருத்தி எழுந்து போனாள். இன்னொருத்தி, "எங்க கோழிக்கு முன்னமே வந்துருச்சு, அது ஒன்னால இல்ல. கீழத்தெருவுக்குக் கொண்டுபோனதுதான் ஒன்னால" என்று நியாயத்தைப் பிரித்துத் தந்தாள். அதன்பின் எந்த ஊரில் இந்த மருந்தைப் பற்றிப் பேசினாலும், தடுப்பூசி போட்டாயிற்றா என்பதே என் முதல் கேள்வி. சீரகமும் மஞ்சளும் அதற்குப் பிறகுதான்.

அன்று மாலையில் அக்கா என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"புதங்கெழமை கூட்டிட்டு வரப் போறேன். வரச் சொல்லிட்டாக."

"நல்லதுக்கா."

"கோழிய அவுகளே கொண்டு வாராகளாம். எனக்கு அதுவும் தலையெழுத்து." நிலையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீ இங்க இருக்காத தாயி. ஒன்னையப் பாத்தா என் மக கோழியப் பத்திக் கேப்பா. எனக்குச் சொல்லவும் வராது, சொல்லாம இருக்கவும் வராது."

புதன்கிழமை விடிந்ததும் அறையைப் பூட்டிவிட்டு முதல் மினி பஸ்ஸில் ஏறினேன். எழுமலையில் இறங்கி மதுரைக்குப் பஸ் மாறும்போது, எதிரே வந்து நின்ற சோழவந்தான் பஸ்ஸில் ஏறுவதற்காகப் புதுச்சேலை கட்டிய ஒரு பெண் கூடையோடு ஓடிக்கொண்டிருந்தார். அது அக்காதான். யார் வண்டியிலோ எனக்குப் பின்னாலேயே வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.