ஒன்பதாவது வரி

அலுமாரியின் மேல்தட்டில் சுருட்டி வைத்திருந்த பிரிஸ்டல் காகித மட்டையைப் போன மாதம் எடுத்து விரித்தேன். ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எழுதித் தந்த கணித ஆசிரியரின் எழுத்து அப்படி, அச்சடித்தது போல நிற்கும்.

மானிப்பாய்ப் பக்கத்துப் பாடசாலையொன்றில் நான் ஆங்கிலம் படிப்பித்த காலம் அது. ஆங்கில தினத்துக்கு, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பட்டியலிட்டு மண்டப வாசலில் ஒட்ட நினைத்தேன். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி என்று ஒன்பது சொற்கள். வெள்ளைக்காரனுக்கே சொல் கொடுத்தவர்கள் நாங்கள் என்று ஆசிரியர் அறையில் நான் அளந்தது கொஞ்சநஞ்சமல்ல. எழுதித் தரும்படி கணித ஆசிரியரைக் கேட்டேன். எட்டை எழுதி, ஒன்பதாவது வரியை வெறுமையாக விட்டுத் தந்தார். மனிதர் மறந்துவிட்டார் என்று நினைத்து நானே பேனையை எடுத்து எழுதினேன்: 'பரையா'. ஆங்கிலத்தில், ஊர் ஒதுக்கி வைத்த ஆள் என்று பொருள். பறை அடிக்கும் சாதியின் பெயரிலிருந்து போனது என்று பக்கத்தில் விளக்கமும் எழுதினேன். அந்தச் சொல் கப்பலேறிய கதையெல்லாம் தெரிந்த எனக்கு, அது யாருக்கு நோகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, விருந்தினர் வருவதற்கு முன் அவர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார்.

"மாஸ்டர், அந்த வரியை நான் மறந்து விடேல்லை. என்ரை அப்பா செத்தவீடுகளுக்குப் பறை அடிச்சவர். உந்த வரியை எடுத்துவிடுங்கோ."

பத்து வருடம் ஒரே மேசையில் என்னோடு சோறு தின்றவர். அவருடைய ஊர் தென்மராட்சி என்பதற்கு மேல் நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ வாதாடினேன்.

"உதிலை என்ன பிழை? அகராதியிலையே கிடக்குத்தானே."

"அகராதியிலை கிடக்கட்டும். நீங்கள் பெருமைப்படுற பட்டியலிலை ஏன் கிடக்குது?"

விருந்தினரின் கார் உள்ளே வந்தது. கணித ஆசிரியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவசர அவசரமாக அந்த வரியின் மேல் வெள்ளைத் தாளொன்றை ஒட்டினேன். அடுத்த பள்ளித் தவணையே அவர் இடமாற்றம் கேட்டு அச்சுவேலிக்குப் போனார். பிரியாவிடையில் நானும் எல்லாரோடும் கைதட்டினேன். வெட்கத்தில் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று வருடங்கள் போயின. போன வருடம் பத்திரிகையில் அவருடைய மரண அறிவித்தலைப் பார்த்தேன்.

மட்டையை விரித்தபோது, பசை காய்ந்திருந்த அந்த வெள்ளைத் தாள் தானாகக் கழன்று மடியில் விழுந்தது. எட்டு வரிகள் அவருடைய வடிவான எழுத்து. ஒன்பதாவது மட்டும், கோணல்மாணலாக, என்னுடையது.