மாப்பிள்ளை அழைப்புக் கார்

என் காரின் கூரை பொத்தானை அழுத்தினால் மடங்கிப் பின்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் எழுந்து வந்து மூடிக்கொள்ளும். இந்த இரண்டாவது வேலையை மட்டும் அதற்கு மனசு இருந்தால்தான் செய்யும்.

நான் நொச்சிக்குப்பத்துக்காரி. அம்மா ரோட்டோரம் மீன் விற்றாள். நான் முதலில் ஆட்டோ ஓட்டினேன், பிறகு ஸ்கூல் வேன், அப்புறம் அடையாறில் ஒரு பங்களாவில் டிரைவர். அந்த வீட்டுக்காரர்கள் பிள்ளையோடு இருக்க வெளிநாடு கிளம்பியபோது, ஷெட்டில் நின்ற ஜெர்மன் கார் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. மெட்ராஸ் வெயிலில் பழைய திறந்த காரை யார் வாங்குவார்கள்? நான் வாங்கினேன். ஒரு சின்னக் காரின் விலைக்குக் கொடுத்தார்கள். என் பெயர் போட்ட ஆர்.சி. வந்த அன்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு குப்பம் முழுக்க ஒரு சுற்று நடந்தேன். பெருமைதான், ஒளிப்பானேன்?

ஊர் சுற்றுவதற்காக வாங்கவில்லை. மயிலாப்பூர் பக்கம் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும். கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை, பூ அலங்காரம் செய்த திறந்த காரில் உட்கார்ந்திருப்பார். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள், கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நடை வேகத்தில் ஊர்வலம். அதற்கு வாடகைக்கு விடலாம் என்பது என் யோசனை.

யோசனை நல்ல யோசனை, கார்தான் படுத்தியது. ஒரு விளக்கு போனால்கூட புது விளக்கு கடல் தாண்டி வர வேண்டும். டயர் கேட்டாலும் பேட்டரி கேட்டாலும் கடைக்காரர் முதலில் காரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், பிறகுதான் விலையைச் சொல்வார். மெதுவாகப் போனால் இன்ஜின் சூடாகும். உப்புக் காற்றில் துரு ஏறும் என்று அசோக் நகரில் மெக்கானிக்கின் கொட்டகையில் வாடகை கொடுத்து நிறுத்தினேன்.

"ஆனைய கட்டித் தீனி போட நாம இன்னா ஜமீனாமே?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் கடலுக்குப் போகிறவர். கார் வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு தடவைகூட ஏறவில்லை. கூப்பிட்டால், "எனக்கு போட் கீது, நீ போ" என்பார். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் உண்டு.

போன வருஷம் தி.நகரில் ஒரு ஊர்வலம். தூறல் விழுந்ததும் பொத்தானை அழுத்தினேன். கூரை எழுந்து பாதி வழி வந்து, மாப்பிள்ளையின் தலைக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. அவர் மண்டபம் வரை குனிந்தபடியே வந்தார். யாரோ அதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். அத்தோடு புக்கிங் படுத்துவிட்டது. டிக்கிக்கு அடியில் இருக்கும் கூரை மோட்டார் தண்ணீரில் ஊறிக் கருகிவிட்டது என்று மெக்கானிக் வேறு மோட்டார் போட்டார். ஒரே மழையில் அதுவும் கருகியது. மூன்றாவதும் போட்டாயிற்று.

புதுப்பேட்டையில் பழைய காரைப் பிரித்து விற்கிற ஒருவரை என் வீட்டுக்காரர் பேசிவைத்தார். கையில் ஒரே ஒரு புக்கிங் இருந்தது, ஐப்பசியில். "அதுல கூர மூடலேன்னா எடுத்துக்கினு போவச் சொல்லு," என்று நானும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கொட்டகைக்குப் போய், காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அழுதபோதுதான் ஒரு நாற்றம் உறைத்தது. புளித்துப்போன சோற்று நாற்றம். எங்கிருந்து என்று மோந்துகொண்டே போனேன். கூரை மடங்கிப் படுக்கிற பள்ளத்தில், மழைத்தண்ணீர் வடிய இரண்டு ஓரமும் குழாய் உண்டு. ஓட்டையில் விரலை விட்டேன். மஞ்சள் மஞ்சளாய்க் கையோடு வந்தது அட்சதை! மாப்பிள்ளை மேல் ஊரே அள்ளிப் போட்ட அரிசி அது. பூ வாடக்கூடாது என்று அலங்காரக்காரர் தெளிக்கிற தண்ணீரில் ஊறி, உப்பி, மல்லிகை இதழோடு சேர்ந்து குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. வழி இல்லாத தண்ணீரெல்லாம் மோட்டாருக்குப் போயிருக்கிறது. ஜெர்மனி இன்ஜினியர் பனியை யோசித்திருப்பார், காய்ந்த இலையை யோசித்திருப்பார். அட்சதையை அவர் எங்கே கண்டார்?

குழாயைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன். பிறகு வீட்டுக்காரரிடம் போய், கண் பொடியான நெத்திலி வலையில் ஒரு துண்டு கேட்டேன். "ஆனைக்கு வலையா?" என்று சிரித்தார். ஆனாலும் இரண்டு மடிப்பாக மடித்து, அளவு கேட்டுக்கேட்டு அவரே தைத்துக் கொடுத்தார். ஓட்டைகளின் மேல் அதைப் போட்டுக் கட்டினேன். இனி தண்ணீர் போகும், அரிசி போகாது.

ஐப்பசி புக்கிங் மயிலாப்பூர்க் குடும்பம். காரோட்டுவது பொம்பளை என்றதும் மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கியது. "ஏம்மா, நீயா ஓட்டப்போறே? முதலாளி வரலையா?" என்று கேட்டார். நல்ல காரியத்தில் தர்க்கம் எதற்கு என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

தெற்கு மாட வீதி திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தூறலெல்லாம் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. நாதஸ்வரக்காரர்கள் கடை வாசலுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வண்டியை நிறுத்தினேன். பொத்தானை அழுத்தினேன்.

டிக்கி மூடி மேலே தூக்கிக்கொண்டது. கட்டியிருந்த சாமந்திச் சரம் பட்பட்டென்று அறுந்தது. கூரை எழுந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் முன்கண்ணாடிக்கு மேல் 'டக்' என்று உட்கார்ந்தது. தெருவில் நனைந்துகொண்டு நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் முழுக்க எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையோடு ரோட்டில் நின்றிருந்தார். கதவைத் திறந்து, "வாங்கம்மா, ஏறுங்க" என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்காத்துக் காரெல்லாம் இவ்வளவு சமத்தா இல்லைம்மா. உங்க முதலாளி நன்னா வச்சுண்டிருக்கார்," என்றார்.

"நான்தாம்மா முதலாளி," என்றேன். அவர் பின்பக்கம் திரும்பி, "டேய், இது இவாளோட சொந்தக் காராம்டா!" என்று மகனிடம் சொன்னார்.

மண்டப வாசலில் என் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து நின்றுகொண்டிருந்தார். தோளில் படகுக் கயிறு. மழையைப் பார்த்ததும், கார் வழியில் நின்றுபோயிருக்கும், கட்டி இழுக்கலாம் என்று வந்திருக்கிறார். மூடிய கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் இறங்கி உள்ளே போனதும், மழைத்தண்ணீர் சொட்டச்சொட்ட வந்து காலி இருக்கையில் உட்கார்ந்தார். சீட்டு நனைகிறதே என்று வண்டி துடைக்கிற துணியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் போன் அடித்தது. புதுப்பேட்டைக்காரர்.

"இல்ல நைனா, அது விக்கறதுக்கு இல்ல," என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார்: "என் பொண்டாட்டி வண்டி அது. நானே இப்பதான் ஏறி குந்திக்கினு கீறேன்."