மருமகளின் புருஷன்

துர்கா கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் செல்வநாயகி தெருமுனைவரை கூடப் போவாள். மகன் கார்முகில் லாரி மோதி இறந்த பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது அவளும் மருமகள் துர்காவும்தான். குழந்தை இல்லை. இந்தத் தடவை போனால் வரமாட்டாள் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கமாட்டாள். கேட்டால் பதில் வந்துவிடுமே.

இருவருக்கும் ஒரே பீங்கான் கம்பெனியில்தான் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்குவார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் துர்காவின் அண்ணன் வந்து அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினான். செல்வநாயகி டிபன் பாக்ஸைச் சாப்பிடாமலே மூடி வைத்தாள்.

சாயங்காலம் துர்காவே சொன்னாள். கம்மாபுரத்துப் பக்கம் பாண்டியன் என்று ஒருவன். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலமும் வீடும் போய்விட்டன. தாய் தகப்பன் இல்லை. வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டு வாடகை அறையில் இருக்கிறான். அவனுக்கு இவளைப் பெண் கேட்கிறார்கள்.

“நல்லாரு” என்றாள் செல்வநாயகி.

“இந்த வூட்டுக்கு வரதுன்னா வரட்டும்னு சொல்லியிருக்கேன் அத்த. உங்கள வுட்டுட்டு நான் போவமாட்டேன்.”

ஒரு பயம் போய் இன்னொன்று வந்தது. நாளைக்கு அவன் உன்னையே வெளியே போகச் சொன்னால் என்ன செய்வாய் என்று பக்கத்து வீட்டு வீராயி கேட்டாள். ஆனாலும் கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம் நடந்தது.

பாண்டியன் ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தான். செல்வநாயகியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவன் இருக்கும்போது அவள் சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள். வாசலில் அவன் வண்டிச் சத்தம் கேட்டால் கை வேலை நின்றுவிடும்.

துர்கா உண்டானாள். இனி அது அவர்கள் மூன்று பேரின் குடும்பம், அதில் தான் யார் என்று செல்வநாயகிக்கு விளங்கவில்லை. போகச் சொல்வதற்கு முன்னால் தானே போய்விடுவது என்று தீர்மானித்தாள். உடம்பு சரியில்லை என்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, மற்ற இருவரும் வேலைக்குப் போனதும் இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். மங்கலம்பேட்டையில் தங்கை இருக்கிறாள். அவள் சேர்த்துக்கொள்வாளா என்பதும் பயமாகத்தான் இருந்தது.

பஸ் வருவதற்குள் பாண்டியன் வந்து நின்றான். அவள் பையோடு போவதைப் பார்த்து வீராயி போன் செய்திருக்கிறாள். சட்டையெல்லாம் கரி.

“வூடு உங்களுதும்மா. நீங்க எதுக்குப் போறீங்க? என்னை எப்ப அனுப்புவீங்களோன்னு நான்தான் பயந்துட்டு இருக்கேன். இன்னும் பெட்டியில இருந்து துணிய எடுத்து வெக்கல.”

அவள் அவன் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தாள். அவன் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை.

பையை அவன் வாங்கி வண்டியில் மாட்டினான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். எதிரே லாரி ஒன்று வந்தது.

“மெதுவா போப்பா” என்றாள்.